அஞ்சடியும் அனைவர்க்குமான வீதியும்

மலேசியத் தமிழர் பேச்சில் 'அஞ்சடி' என்றொரு சொல் உண்டு. கடை வரிசையின் முன்னே, மேல்மாடி கவிந்து நிழல்தர, தூண்களுக்கும் கடைவாயிலுக்கும் நடுவே ஓடும் நடைபாதையை அது குறிக்கும். தமிழகத்திலிருந்து புதிதாக வருவோர்க்கு இச்சொல் எளிதில் விளங்காது. எதன் ஐந்தடி என்று கேட்பர். மலாய் மக்கள் இதனைக் 'காக்கி லீமா' என்பர். காக்கி என்பது அடி. லீமா என்பது ஐந்து. ஹொக்கியன் சீனர் 'கோ காக்கி' என்பர். இதில் ஐந்து சீனமொழிச் சொல், அடி மலாய்ச் சொல். மூன்று இனத்தாரும் ஒரே அளவையே பெயராக வைத்துக்கொண்டனர். கட்டடம் எழுப்பிய கொத்தனார்கள் மட்டும் அந்த அளவுக்குக் கட்டுப்படவில்லை போலும். பினாங்கின் பழைய வீதிகளில் ஏழடி அகலமான அஞ்சடியும் உண்டு. இருவர் எதிர்ப்பட்டால் ஒருவர் ஒதுங்க வேண்டிய அஞ்சடியும் உண்டு.

இப்பாதையின் தனித்தன்மை அதன் அகலத்தில் இல்லை, உரிமையில் இருக்கிறது. நிலம் வீட்டுக்காரருடையது. தூணும் தளமும் அவர் செலவில் எழுந்தவை. ஆனால், அதன்வழியே நடக்கும் உரிமை ஊராருடையது. சொந்த நிலத்தில் பொதுவழி என்னும் இந்த ஏற்பாடு எவ்வாறு தோன்றியது, அதனால் விளைந்த நன்மை யாது, அந்நன்மையை எதைக்கொண்டு அளப்பது என்பவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். நடப்போர், மிதிவண்டியில் செல்வோர், முதியோர், உடற்குறையுடையோர், பேருந்தில் செல்வோர், வண்டியோட்டுவோர் ஆகிய எல்லார்க்கும் பயன்படுமாறு வீதியை அமைக்க வேண்டும் என்னும் கொள்கைக்கு 2003ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் 'முழுமையான வீதி' என்று பெயர் சூட்டினர். பெயர் புதிது. அதன் ஒரு கூறு பினாங்கில் நெடுங்காலமாகத் தூண் நட்டு நிற்கிறது.

பிரான்சிஸ் லைட் 1786ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் பினாங்கில் இறங்கினார். ஆகஸ்டுத் திங்களில் தீவைக் கிழக்கிந்தியக் கும்பெனியின் பேரால் கைக்கொண்டார். முனையின் மூலையில் கோட்டை. அதையடுத்துக் கட்டம் போட்டாற்போல் நேர் நேராகச் சில வீதிகள். லைட் வீதி, கடலையொட்டிய பீச் வீதி, பிட் வீதி, இவற்றோடு தென்புறத்தே மலபார் வீதி என்னும் நான்குமே பழைய ஜார்ஜ் டவுனின் எல்லைகள். அக்கால ஐரோப்பியர் தமிழரை மலபாரிகள் என்று தவறாக வழங்கினர். அதனால் வந்த பெயர் மலபார் வீதி. சோழமண்டலக் கரையிலிருந்து வந்த தமிழ் முஸ்லிம் வணிகர் பெயரால் அதுவே பின்னர்ச் சூலியா வீதி ஆயிற்று. கடைக்காரராகவும் கூலிகளாகவும் இருந்த சூலியர்களைப் பற்றி லைட் தம் குறிப்புகளில் எழுதியுள்ளார். 1801இல் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலும், 1833இல் குயின் வீதி மகாமாரியம்மன் கோயிலும் இவ்வீதிகளினிடையே எழுந்தன. ஆகவே, இவற்றின் வரலாறு தமிழர்க்கு அயலார் வரலாறன்று.

வீதிகளைச் சமைத்தவர் யார்? 1796இல் அந்தமான் குடியிருப்பு கைவிடப்பட்டபோது, அங்கிருந்த இந்தியக் கைதிகள் பினாங்குக்குக் கொண்டுவரப்பட்டனர். வங்காளத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் பின்னரும் பலர் வந்தனர். சதுப்பைத் தூர்த்ததும், வடிகால் வெட்டியதும், கல் பரப்பியதும் பெரும்பாலும் இவர்கள் கைகளே. தெருப்பலகைகளில் ஆளுநர் பெயர்களைக் காண்கிறோம். கைதி ஒருவனின் பெயரையும் காணோம்.

தொடக்ககால வீடுகள் பெரும்பாலும் மரமும் அத்தாப்புக் கூரையும் கொண்டவை. 1808இலும் 1812இலும் பெருந்தீ நகரின் பல பகுதிகளைத் தின்றுவிட்டது. செங்கல்லும் ஓடும் அதன்பின்பே பெருகின. தீக்கு அஞ்சிக் கட்டப்பட்ட செங்கல் வரிசைகளே பின்னர் அஞ்சடிக்கு இடந்தந்தன. அத்தாப்புக் குடிசைகளைக் கொண்டு ஒரே சீரான தூண் வரிசையை அமைத்திருக்க முடியாது.

இனி ராபிள்ஸ். அவர் 1805இல் பினாங்குக்கு உதவிச் செயலாளராக வந்தவர். பிறகு ஜாவாவை ஆண்டு, 1819இல் சிங்கப்பூரில் கும்பெனிக் கொடியை நாட்டினார். 1822 நவம்பரில் சிங்கப்பூர் நகரமைப்புக் குழுவுக்கு அவர் விடுத்த கட்டளைகளில் ஒன்று, செங்கல்லாலும் ஓட்டாலும் கட்டப்படும் ஒவ்வொரு வீடும் குறித்த அளவில் முன்தாழ்வாரம் ஒன்றை விடவேண்டும் என்பது. தாழ்வாரம் எக்காலத்தும் திறந்திருக்க வேண்டும். வீதியின் இருமருங்கும் இடையறாத, கூரையுள்ள நடைவழியாக அமைய வேண்டும். 1826இல் பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் மூன்றும் நீரிணைக் குடியேற்றங்கள் என்னும் ஒரே ஆட்சிக்குள் வந்தன. நாளடைவில் நகராட்சி விதிகளின் வாயிலாக இம்முறை மூன்று நகர்களிலும் நிலைபெற்றது; 1880களில் மண்ணாலும் அத்தாப்பாலும் ஆன கோலாலம்பூர் செங்கல் நகராக மாறியபோது அங்கும் சென்றது.

இம்முறையின் மூலம் எது என்பதில் அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஜாவாவில் டச்சுக்காரர் கட்டியவற்றைக் கண்டு ராபிள்ஸ் கற்றார் என்பர் சிலர். தென்சீனத் துறைமுகங்களைக் காட்டுவர் வேறு சிலர். நம்மவர் திண்ணையை நினைப்பர். வெயிலும் மழையும் உள்ள நாட்டில் வீட்டின்முன் ஒரு தாழ்வாரம் எவர்க்கும் தோன்றக்கூடியதே. ஆதலின் தாழ்வாரத்தைக் கண்டுபிடித்தவர் யார் என்று தேடுவதில் பயனில்லை என்பது என் கருத்து. கட்டளையில் புதியவை இரண்டு: 'இடையறாத' என்பதும், 'எக்காலத்தும் திறந்த' என்பதும்.

திண்ணையோடு ஒப்பிட்டால் இது விளங்கும். தமிழ்நாட்டுத் திண்ணை, வீட்டுக்காரர் வழிப்போக்கருக்கு விரும்பி அளிப்பது. ஒவ்வொரு திண்ணையும் தனித்தனி. அடுத்த வீட்டுத் திண்ணைக்குச் செல்லத் தெருவில் இறங்கி ஏற வேண்டும். யார் அமரலாம், யார் அமரலாகாது என்பதை வீட்டுக்காரரின் மனமும் சாதியும் தீர்மானித்தன. இதை மறைப்பதற்கில்லை. அஞ்சடியோ ஒருவர் ஈகையன்று; சட்டம் விதித்த கடமை. நடப்பவன் யாரென்று கேட்க வீட்டுக்காரர்க்கு உரிமையில்லை. செட்டியாரும் சுமைகூலியும் அதே நிழலில் நடந்தனர்.

எனினும் சட்டம் விதித்த நாள்முதலே சச்சரவும் தொடங்கிற்று. கடைக்காரர் கேட்டது நியாயமான கேள்வி: நிலம் என்னுடையது, கட்டியவன் நான், என் சரக்கை என் தூணருகே வைத்தால் நகராட்சிக்கு என்ன குறை? அரிசி மூட்டை, மண்பானை, கூடை, துணி எல்லாம் அஞ்சடிக்கு வந்தன. பின்பு முடிதிருத்துபவர் நாற்காலி, செருப்புத் தைப்பவர் பெட்டி, கடிதம் எழுதித் தருபவர் மேசை, வெற்றிலைபாக்குக் கடை, காசு மாற்றுபவர் அடைப்பு என ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. முழுக்கடை எடுக்க முதலற்றவனுக்கு அஞ்சடியே கடை. தமிழ் முஸ்லிம்கள் தோள்தண்டின் இருபுறமும் சோற்றையும் குழம்பையும் தொங்கவிட்டுத் துறைமுகக் கூலிகளுக்கு விற்ற நாசி கண்டார், பிற்காலத்தில் பினாங்கின் பெயரையே உலகறியச் செய்தது. இந்தோனேசியாவில் தெருவோர வணிகர்க்குக் 'காக்கி லீமா' என்பதே பெயராகிவிட்டது. பாதையின் பெயர் பாதையை அடைத்தவர்க்கு ஆகிவந்ததைச் சொல்லாராய்ச்சியாளர் சுவைத்துப் பார்க்கலாம்.

1888 பிப்ரவரியில் சிங்கப்பூர் நகராட்சி தாழ்வாரங்களை அடியோடு காலிசெய்ய முற்பட்டது. சீனக் கடைக்காரர் கதவடைத்தனர். டிராம் வண்டிகள்மீது கல் விழுந்தது. ஊர் மூன்று நாள் நிலைகுலைந்தது. 'தாழ்வாரக் கலகம்' என்று வரலாறு குறிக்கும் அந்நிகழ்ச்சி உடன்பாட்டில் முடிந்தது: சரக்கு வைக்கலாம், ஆனால் ஆள் நடக்க வழி விடவேண்டும்.

அக்காலத்து ஆங்கிலேயர் இதனை நகராட்சியின் தோல்வி என்றே கருதினர். நான் அவ்வாறு கருதவில்லை. நகராட்சியின் கண்ணில் அஞ்சடி நடப்பதற்கான குழாய். அதில் இருப்பதெல்லாம் அடைப்பு. கடைக்காரர் கண்ணில் அது கடையின் நீட்சி. நடப்பவர் வெறும் வாடிக்கையாளர். இருசாராரும் பயன்பாடு ஒன்றை மட்டும் கண்டு மற்றதைக் கணக்கில் விட்டனர். 'வைத்துக்கொள், வழியும் விடு' என்னும் உடன்பாடே இரண்டையும் ஒருங்கே கணக்கிட்டது. விற்பனையே இல்லாத அஞ்சடி மாலையில் இருண்டு கிடக்கும். அங்கே பெண்கள் தனித்து நடக்க அஞ்சுவர். விற்பனை முழுதும் அடைத்த அஞ்சடியில் நடக்கவே முடியாது.

நிற்க. அஞ்சடியை மட்டும் நோக்கினால் போதாது. அதற்கு நடுவே கிடக்கும் வீதியையும் நோக்க வேண்டும். மாட்டுவண்டிக் காலத்துக்கு அளந்த அகலம் அது. 1880களில் நீராவி டிராமும் கைரிக்சாவும் வந்தன. 1906இல் மின்சார டிராம். 1925இல் மேல்கம்பியில் மின்சாரம் பெறும் டிராலி பஸ். டிராம் 1936இல் நின்றது; டிராலி பஸ் 1961இல் நின்றது. கைரிக்சாவின் இடத்தைப் பிடித்த மூன்றுசக்கர மிதிவண்டி, பினாங்கில் பயணியை முன்னே இருத்தி ஓட்டுபவரைப் பின்னே வைத்தது. இத்தனை வண்டிகளும் மாறிமாறி வந்தும் பழைய நகரின் வீதிகள் பல அகலப்படாமல் தப்பின. இருபுறமும் நெருங்கி நின்ற கடைவீடுகளே அதற்குக் காரணம். நடப்பவரும் பெரிதாக நசுக்குண்ணவில்லை. அவர்க்குக் கூரையோடு கூடிய தனிவழி முன்னரே ஒதுக்கப்பட்டிருந்தது. சங்கப் புலவர் அகன்ற தெருவை ஆற்றுக்கு ஒப்பிட்டனர். ஆற்றில் வெள்ளம் எவ்வளவு ஏறினாலும் நடந்துசெல்லக் கரை இருக்க வேண்டுமல்லவா? பினாங்கு வீதிக்கு அஞ்சடியே கரை.

அகலத்தைப் பற்றிப் பேசுகையில் நம் ஊர்களின் வழக்கத்தையும் குறிக்கலாம். மதுரை போன்ற கோயில் நகர்களில் தேர் திரும்பும் அளவுக்குத் தேரோடும் வீதிகளை விட்டனர். தேர் ஓடுவது ஆண்டில் சில நாள். மற்ற நாளெல்லாம் அவ்வகலம் சந்தைக்கும் நடைக்கும் குழந்தைகள் ஆட்டத்துக்கும் உதவியது. பினாங்கிலும் 1894இல் காரைக்குடியிலிருந்து வந்த நகரத்தாரின் வெள்ளி இரதம், தைப்பூசத்தில் பினாங்கு வீதிக் கோயில் வீட்டிலிருந்து தண்ணீர்மலைப் பக்கத்து நகரத்தார் கோயிலுக்குச் செல்கிறது. அன்று மோட்டார் ஒதுங்குகிறது. வழிநெடுகச் சீனரும் தேங்காய் உடைக்கின்றனர். வீதி ஒரு வண்டிக்கூட்டத்துக்கே எழுதிவைத்த சொத்து அன்று என்பதை அந்நாளில் எவரும் எடுத்துச்சொல்ல வேண்டியதில்லை.

இன்றைய நிலை என்ன? 1966ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1999 இறுதியோடு முடிவுற்றது. பழைய குடித்தனக்காரர் பலர் வெளியேறினர். அஞ்சடியில் அமர்ந்து தொழில் செய்தவர் பலரும் அவர்களோடு போயினர். 2008 ஜூலையில் ஜார்ஜ் டவுனும் மலாக்காவும் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் ஏறின. கடைவீடுகளின் முகப்புகள் பொலிவு பெற்றன. அஞ்சடியோ பல இடங்களில் துண்டுபட்டுவிட்டது. ஒருவர் தம் பகுதியை ஓடு பதித்து அரையடி உயர்த்துகிறார். அடுத்தவர் பூந்தொட்டி வைக்கிறார். மூன்றாமவர் மேசை நாற்காலி போட்டுக் காப்பிக்கடை நடத்துகிறார். வேறொருவர் சுவரே எழுப்பிவிடுகிறார். எஞ்சிய இடத்தில் மோட்டார்சைக்கிள் நிற்கிறது. அஞ்சடியை அடைக்கலாகாது என்று 1974ஆம் ஆண்டின் வீதி, வடிகால், கட்டடச் சட்டம் கூறுகிறது. பொது இடங்களில் இயங்கும் உரிமையை 2008ஆம் ஆண்டின் உடற்குறையுடையோர் சட்டம் ஏற்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை.

மோட்டார்சைக்கிளைப் பழிப்பதும் எளிது, நேர்மையன்று. மலேசியாவில் சாலையில் மாள்வோரில் பாதிக்கு மேற்பட்டோர் மோட்டார்சைக்கிளில் செல்வோரே. அவர்களும் வீதியில் இடம் மறுக்கப்பட்டவர்கள்தாம். 1970களில் கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார்சைக்கிளுக்கென்றே தனித்தடம் அமைத்தது இந்நாடு. உலகில் இதற்கு முன்னோடி அரிது. அத்தடம் விபத்துகளைக் குறைத்தது என்று ஆய்வாளர் கண்டனர். நகருக்குள் அவற்றை நிறுத்த முறையான இடம் இல்லாதவரை அவை அஞ்சடி ஏறத்தான் செய்யும். ஒருவர்க்கு இடம் மறுத்தால், அவர் தம்மினும் எளியவர் இடத்தைப் பிடிக்கிறார்.

இந்நிலையில், வீதியைத் திருத்துவதால் என்ன பயன் என்று கேட்கும்போது கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். பொறியாளர் சந்திப்பில் நின்று மணிக்கு எத்தனை வண்டி சென்றது, எவ்வளவு நேரம் தாமதமாயிற்று என்று எண்ணுவார். எண்ணுவது எளிது, ஆதலால் அதுவே கணக்காகிவிட்டது. நடப்போரை எண்ணினாலும் குறை தீராது. அஞ்சடி துண்டுபட்டதனால் வீட்டிலேயே இருந்துவிட்ட மூதாட்டி அக்கணக்கில் வரமாட்டாள். அவள் வரவில்லை என்பதையே சான்றாகக் காட்டி, 'இங்கே முதியோர் நடப்பதில்லை. சாய்தளம் வீண்செலவு' என்று எழுதிவிடலாம். குறையின் விளைவே குறைக்குச் சாட்சியாகிவிடும்.

சராசரியும் ஏமாற்றும். இருபது கடை கொண்ட வரிசையில் பத்தொன்பது கடை முன்பும் வழி திறந்திருக்கிறது என்று கொள்வோம். அறிக்கை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று மகிழும். சக்கர நாற்காலியில் வருபவர்க்கு அந்த ஒரு கடையில் வழி முடிந்தது. திரும்பிச் செல்லவோ, பேருந்துக்கும் லாரிக்கும் இடையே வீதியில் இறங்கவோ வேண்டும். கண்ணற்றவர்க்கும் அவ்வாறே. இருநூறு ஆண்டுக்கு முந்திய கட்டளை அகலத்தைக்கூட எண்ணாற் குறியாமல், 'இடையறாத' என்று விதித்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் அளக்க வேண்டிய பொருளை அது சரியாகவே பற்றியது. ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்யும் ஊரில், நனையாமல் எவ்வளவு தொலைவு தொடர்ந்து நடக்கலாம் என்பது சிறிய கேள்வியன்று. அதனைப் பொறுத்தே ஒருவர் காரை எடுப்பதும், நடந்து செல்வதும்.

சென்னை மாநகராட்சி 2014இல் மோட்டாரற்ற போக்குவரத்துக்கென ஒரு கொள்கை வகுத்து, போக்குவரத்துச் செலவில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் நடைக்கும் மிதிவண்டிக்கும் செல்ல வேண்டும் என்றது. 2019 நவம்பரில் தியாகராய நகர்ப் பாண்டிபஜாரில் அகன்ற நடைவளாகம் திறக்கப்பட்டது. நன்முயற்சியே. ஆனால் அங்கே நடைபாதையை அரசே புதிதாய்ச் செலவிட்டு அமைக்க வேண்டியிருந்தது. கூரைக்கு மரநிழலே துணை. பினாங்குக்குக் கூரையும் தூணும் முன்னோர் தந்த முதல். தளத்தைச் சமன்படுத்தவும், இருகடை நடுவே சாய்தளம் இடவும், மோட்டார்சைக்கிள்களுக்கு வேறிடம் காட்டவும் வேண்டிய செலவோடு ஒப்பிட்டால் அம்முதல் மிகப் பெரிது. 2011 இறுதியில் பீச் வீதியை ஞாயிறு காலைகளில் மோட்டார் இன்றி மக்களுக்குத் திறந்துவிட்டபோது குடும்பங்கள் திரண்டு வந்தன. அவர்கள் அங்கே வருவர் என்று அதுவரை எந்த வண்டிக்கணக்கும் கூறியதில்லை.

அளவைக்கு எளிய வழியொன்றைக் கூறலாம். நகரவை அலுவலர் ஒருவர் மழைபெய்யும் மாலையில் சக்கர நாற்காலி ஒன்றைத் தள்ளிக்கொண்டு சூலியா வீதியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை அஞ்சடி வழியே செல்லட்டும். வீதியில் இறங்க நேர்ந்த ஒவ்வோரிடத்தையும் கதவிலக்கத்தோடு குறித்துக்கொள்ளட்டும். அடுத்த ஆண்டு அதே நாளில், அதே நாற்காலியோடு மீண்டும் சென்று, பட்டியலில் எத்தனை கதவிலக்கம் குறைந்தது என்று பார்க்கட்டும்.